தலையாட்டாத துரை மட்டை

அத்தியாயம் ஒன்பது

பயம் வந்தால் ஊருலகத்தில் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணேசுக்கு மட்டும் அது கழன்று ஓடும்.

“மிஸ், இந்த வீட்டுக்கு எதுக்கு மிஸ் இரும்புக் கேட்டு? இந்த நாய் ஒண்ணு போதாதா? கன்னுக்குட்டிக்குக் கறுப்புக் கோட்டு போட்டு நிப்பாட்டுன மாதிரி நிக்குது.”

“பேசாமல் பெல்லை அடியும், கணேஸ்,” என்றாள் சுபாஜினி.

“நான் அடிச்சா என்னயக் கடிக்கும். நீங்க அடிச்சாலும் என்னயத்தான் கடிக்கும். அதுக்கு என் மேலதான் கண்ணு.”

ஹந்தானை மலையில் பின்னேரமே பனி இறங்கிவிட்டது. கீழே கண்டி நகரம் இருந்த இடத்தில் ஒரு பஞ்சு மூட்டை கிடந்தது. அதற்குள்ளிருந்து பஸ் ஹோர்ன் சத்தம், யாரோ கழுத்தை அமுக்கிப் பிடித்த கோழியின் குரல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

வரும் வழியில், கடைசி வளைவில், பொலிஸ்காரர் கட்டிவிட்டுப்போன மஞ்சள் நாடா காற்றில் படபடத்தது. போன கிழமை கோல்ஃப் கிளப் செயலாளர் மயூரதனை அந்த வளைவுக்குக் கீழே தேயிலைக்குள்தான் கண்டெடுத்தார்கள். பின்மண்டை பிளந்திருந்தது. இன்னும் பேராதனை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அந்த இடத்தைத் தாண்டும்போது கணேஸ், வான் வண்டியின் ஸ்டியரிங் நடுவில் இருந்த குங்குமப் பொட்டை விரலால் தொட்டுக்கொண்டான். அவனுடைய தாய்மாமன் பழனியாண்டி போன மாதம் ஆயுத பூசைக்கு வைத்த பொட்டு. மாமா கையில் குங்குமச் சிமிழ் அகப்பட்டால் எதையும் விடமாட்டார். வானுக்கு வைத்தார், மண்வெட்டிக்கு வைத்தார், ஃப்ரிட்ஜுக்கு வைத்தார், கணேசின் போன் சார்ஜருக்கும் வைத்தார்.

அந்த மாமாவை இப்போது பொலிஸ் பிடித்து விளக்கமறியலில் வைத்திருக்கிறது. மயூரதன் கண் திறக்காமலே போய்விட்டால் அது கொலை வழக்கு.

விஷயம் இதுதான். கண்டிக்கு மேலே கிளென்வூட் கோல்ஃப் கிளப் என்று ஒன்று. வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போன செய்தி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. இடியப்பத்தைக்கூட முள்ளுக்கரண்டியால் குத்தித்தான் சாப்பிடுவார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் ஒரு மட்டை படுத்திருந்தது. பந்தை விளாசிப் பறக்கவிடுகிற மட்டை அல்ல; குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு மெல்ல உருட்டிவிடுகிற மட்டை. பட்டர் என்பார்கள். கத்தித் தகடு போல மெல்லிய இரும்புத் தலை. அதற்கு மேலே கொக்குக்கு இருக்கிற மாதிரி நீண்ட கழுத்து. மக்றே துரை என்கிற தோட்டத்துரை பிடித்து ஆடிய மட்டையாம். அங்கத்தவர்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சொந்த வீட்டுச் சாமி அறையில் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஸ்கொட்லாந்து நூதனசாலை ஒன்று அதை வாங்கக் கேட்டு ஆள் அனுப்பியது. வந்தவர் லென்சை வைத்துப் பார்த்துவிட்டு, “புத்தம் புதிய போலி” என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்துவிட்டார். அதற்கு முதல் நாள்தான் கிளப் செயலாளர் மயூரதன் மலையிலிருந்து விழுந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிப் பூட்டின் திறப்பு யாரிடம் இருந்தது? மட்டைப் பை தூக்குகிறவர்களுக்குத் தலைவரான பழனியாண்டியிடம். அவர் அசலை விற்றுவிட்டுப் போலியை வைத்தார், கண்டுபிடித்த செயலாளரைத் தள்ளிவிட்டார். பொலிசுக்கு அதற்குமேல் யோசிக்க அவகாசம் இருக்கவில்லை.

சுபாஜினிக்கு இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரி. காப்புறுதிக் கம்பனியில் இழப்பு மதிப்பிடுகிற வேலையில் நெடுங்காலம் இருந்து, பொய்யில் எத்தனை ரகம் உண்டென்று பழகி, பிறகு கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தவள். கணேஸ் அவளுடைய சாரதி, உதவியாளர், வாய். இன்று காலை பழனியாண்டியின் மனைவி நல்லம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நல்லம்மா அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னாள்: மயூரதன் ஐயா பின்னேரங்களில் மாமாவிடம் திறப்பு வாங்கி, வேறு யாருக்கும் தெரியாமல் மட்டையை வெளியே எடுத்து கம்பளத்தில் பந்து உருட்டுவாராம், விழுவதற்கு முன்னால் மாமாவிடம், “இது இப்ப தலையாட்டுதில்லை, பழனியாண்டி” என்றாராம். பிறகு சுபாஜினி அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் என்னவோ குசுகுசுத்தாள். கணேஸ் கேட்டதற்கு, “பிறகு சொல்லுறன்” என்றாள். அவளுடைய ‘பிறகு’ எப்போதும் ஆபத்தான இடத்தில்தான் வரும்.

“மிஸ், பொலிஸ் பின்னால வருதுதானே?”

“அதைப் பற்றி நீர் யோசிக்காதையும்.”

வருகிறது என்று கணேஸ் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குள்ளிருந்து ‘டொக்… டொக்…’ என்று ஒரு சத்தம் வந்தது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கியது. கன்றுக்குட்டி அளவு நாயே ஒதுங்குகிறது என்றால், வருகிறது என்ன அளவு என்று கணேசின் வயிறு கணக்குப் போட்டது.

வந்தவர் ஒல்லியான மனிதர். டொக்டர் பாலேந்திரன், இளைப்பாறிய பல் வைத்தியர், கோல்ஃப் சரித்திர ஆய்வாளர். இரண்டாவது பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரே. ட்வீட் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி, கையில் ஊன்றுகோல். ஊன்றுகோலின் கைப்பிடிக்குப் பச்சைக் கம்பளியில் பின்னிய உறை, நுனியில் குஞ்சம்.

“கமின், கமின்! பனிக்கை நிண்டு விறைக்காதேங்கோ. எனக்கும் உந்தக் குளிருக்கு உள்ளங்கை விறைச்சுப்போகும், அதுதான் தடிக்கும் சட்டை போட்டிருக்கிறன்.” கேட்டைத் திறந்தார். “டியூக், சிட்!”

டியூக் சிட்டவில்லை. கணேசின் கணுக்காலை முகர்ந்து ஒரு முடிவுக்கு வந்தமாதிரி உறுமியது.

“காப்புறுதிக் கம்பனி அந்தப் போலியை ஒருக்கா மதிப்பிட்டுத் தரச் சொன்னது, டொக்டர்,” என்றாள் சுபாஜினி. கையில் படுக்கை விரிப்பில் சுற்றிய நீளப் பொதி. “இலங்கையிலை உங்களை விட்டால் ஆர்? போன மாதம் அசலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து மதிப்பிட்டதும் நீங்கள்தானே.”

“ட்ரூ, ட்ரூ,” என்றார் டொக்டர் அடக்கமாக. அடக்கம் அவருக்குச் சின்ன அளவில் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

வெளிச்சம் நல்லது என்று பழைய பல் வைத்திய அறைக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் உள்ளே வந்ததும், பனி வருமென்று கதவைச் சாத்தினார். பூட்டில் திறப்பு திரும்புகிற சத்தம் கணேசின் காதில் மட்டும் கேட்டது போலிருந்தது.

அறை நடுவே பழைய பல் கதிரை. தலைக்கு மேலே துளைக்கிற கருவி வளைந்து தொங்கியது. சுவரோரம் அலுமாரி நிறைய வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள், எல்லாம் வாயைத் திறந்துகொண்டு சிரித்தன.

“வேறை கதிரை இல்லை. நீர் அதிலை இரும்,” என்றார் டொக்டர் கணேசைப் பார்த்து.

“நான் நிக்கிறேன் சார். பரம்பரையா நிக்கிறவங்கதான்.”

“சிட்!”

நாய் கேட்காத கட்டளையைக் கணேஸ் கேட்டான். உட்கார்ந்ததும் கதிரை ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே தாழ்ந்தது. மூன்று மாதமாக ஒளித்து வைத்திருந்த கடைவாய்ப் பல் அந்த நிமிடம் பார்த்து விண் விண் என்றது.

சுபாஜினி பொதியைப் பிரித்தாள். டொக்டர் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு மட்டையை இரண்டு கையாலும் ஏந்தினார்.

“பிளேட் பட்டர். நெடுங்கழுத்து. இதைப் பிடிக்கிறதுக்கு ஒரு பிறப்பு வேணும், மை டியர் லேடி.”

“நான் கம்பளை ஆஸ்பத்திரில பொறந்தேன் சார். செல்லுமா?”

டொக்டர் அவன் பக்கம் திரும்பவில்லை. “அசலில்லை. பார்த்த உடனை சொல்லுவன்.”

“எப்பிடி?” சுபாஜினி மட்டையை வாங்கி, தண்டைச் சுட்டுவிரல் மேல் படுக்கையாக வைத்துச் சமன் பார்த்தாள். மட்டை தராசுத் தண்டு மாதிரி அசையாமல் நின்றது. தலையின் முகம் கூரையைப் பார்த்தது. “அசல் இப்பிடி நிக்காதோ?”

“நெவர்! பழைய நெடுங்கழுத்திலை பாரமெல்லாம் தலையின்ரை நுனிப்பக்கம். விரலிலை வைச்சால் நுனி கீழை தொங்கும். கச்சேரியிலை நித்திரை தூங்கிற ஆள் மாதிரித் தலையாட்டும். அதுதான் அதின்ரை அழகு. குழிக்குப் பந்தை உருட்டேக்கை அந்த ஆட்டம் கைக்குச் சொல்லித் தரும்.”

“இது ஆட்டேல்லை.”

“கழுத்து ஒரு மயிரிழை முன்னுக்கு வளைஞ்சு போச்சு,” என்றார் டொக்டர். குரலில் திடீரென்று ஒரு கசப்பு. கறி கருகினதை விருந்தாளி சொல்லிக்காட்டினால் சமைத்தவர் முகம் போகுமே, அப்படிப் போயிற்று அவர் முகம்.

“எண்டாலும் செய்தவன் கெட்டிக்காரன். வார்ப்பைப் பாருங்கோ, ஒரு குமிழி இல்லை.”

“ஃபஸ்ட் கிளாஸ் காஸ்டிங்!” முகம் மலர்ந்துவிட்டது. “அதிலை ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது.”

கணேசின் கண் அலுமாரிக்குக் கீழே போயிற்று. மெழுகுக் கட்டிகள். சாந்து வாளி. பொய்ப்பல்லுக்கு உலோகம் உருக்கி வார்க்கிற சின்ன அடுப்பு. அதன் வாயில் புதிய கரி. அவன் சுபாஜினியைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

“மிஸ்… பல் வலி போயிருச்சு மிஸ். கெளம்புவோமா?”

“இரும், இன்னும் ஒண்டு. டொக்டர், கழுத்துக்குப் பின்பக்கம், இந்தச் சின்னக் குழிக்குள்ளை ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு. இது என்ன?”

டொக்டர் கண்களை மூடித் திறந்தார், பிரசங்கத்துக்கு முன்னால் செய்வது மாதிரி.

“அப்பிடிக் கேளுங்கோ! அது எனாமல். ஸ்கொட்லாந்துப் பட்டறை ஒண்டின்ரை இரகசிய முத்திரை. ராச குடும்பத்துக்குச் செய்த மட்டைக்கு மட்டும் வைக்கிறது எண்டு என்ரை அபிப்பிராயம். கிளப்பிலை இத்தனை தலைமுறை அந்த மட்டையைப் பாத்துக்கொண்டு இருந்தவை, ஒருத்தரும் காணேல்லை. நான்தான் கண்டனான், லென்சுக்குக் கீழை, இந்த அறைக்குள்ளை! இதைப் பற்றி லண்டனிலை ஒரு சொற்பொழிவுக்குக் கேட்டிருக்கினம்.”

“அப்ப அசலிலையும் இந்தப் புள்ளி இருந்தது.”

“இருந்தது. கள்ளன் அதையும் விடாமல் கொப்பி பண்ணியிருக்கிறான்.”

சுபாஜினி மட்டையை மெல்ல மேசையில் வைத்தாள்.

“டொக்டர், அசலிலை இருந்தது எனாமல் இல்லை. குங்குமம்.”

அறையில் தாடைகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

“வட்?” என்றார் டொக்டர்.

“இவ்வளவு வருசமும் பெட்டித் திறப்பு கிளப் தலைவரிட்டை. இந்த வருசந்தான் பழனியாண்டியின்ரை கையுக்கு வந்தது. ஆயுத பூசை அண்டு பின்னேரம், நல்லம்மா சொன்னபடி, பெட்டியைத் திறந்து, துரை மட்டையை நல்லெண்ணெய் போட்டுத் துடைச்சு, கழுத்திலை பொட்டு வைச்சவர். எண்ணெயிலை ஊறின குங்குமம் அந்தக் குழிக்குள்ளை இறுகினால் எனாமல் மாதிரித்தான் பளபளக்கும். அடுத்த நாள் விடிய நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போனியள். அந்த மட்டை பொட்டோடை இருந்ததைப் பார்த்தது ரெண்டே ரெண்டு பேர். வைச்சவர் ஒண்டு, நீங்கள் மற்றது. வைச்சவருக்கு அது குங்குமம் எண்டு தெரியும், டொக்டர். அவர் இந்தப் போலியைச் செய்திருந்தால் எனாமலைத் தேடிக்கொண்டு போயிருக்க மாட்டார்.”

கணேசுக்குத் தன் போன் சார்ஜர் ஞாபகம் வந்தது. சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

டொக்டர் பாலேந்திரன் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிடிபட்டோமே என்கிற கலக்கம் அந்த முகத்தில் இல்லை. அதைவிடப் பெரிய அவமானம் இருந்தது.

“குங்குமமோ?” என்றார், நெஞ்சுக்குள்ளிருந்து. “மக்றே துரையின்ரை பட்டரிலையோ?”

“தோட்டத்தாள் ஒருத்தர் துரை மட்டைக்குப் பொட்டு வைப்பார் எண்டு உங்களாலை நினைச்சுப் பார்க்க ஏலாமல் போச்சு. அங்கைதான் பிழைச்சது.”

டொக்டர் நிமிர்ந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்தார்.

“மயூரதனும் இப்பிடித்தான்,” என்றார் சாதாரணமாக, காலநிலையைச் சொல்வது மாதிரி. “அதே கதிரையிலைதான் இருந்தவன். தலையாட்டுதில்லை, தலையாட்டுதில்லை எண்டு ஒரே கதை. போகேக்கை வளைவு மட்டும் கூடப் போய் வழியனுப்பினனான்.”

மயூரதன் உட்கார்ந்த பள்ளத்தில்தான் அவனும் உட்கார்ந்திருக்கிறான்.

“மிஸ், பொலிஸை உள்ள வரச் சொல்லுங்க மிஸ்.”

“எந்தப் பொலிஸ்?” என்றாள் சுபாஜினி. முதன்முறையாக அவள் குரலிலும் ஒரு நூல் பிசிறியது. “பொட்டு ஒண்டை மட்டும் வைச்சுக்கொண்டு போனால் அவையள் சிரிப்பினம். அசல் கையிலை வேணும், கணேஸ்.”

“இதத்தான் பிறகு சொல்லுறேன்னீங்களா?”

டொக்டர் ஊன்றுகோலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கைப்பிடி மேலே போயிற்று. வேகத்தில் பச்சைக் கம்பளி உறை கழன்று, குஞ்சத்தோடு பறந்து, ஒரு தாடையின் வாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. உள்ளே கைப்பிடி இல்லை. கத்தித் தகடு போல மெல்லிய இரும்புத் தலை. அதற்குக் கீழே கொக்குக் கழுத்து.

ஊரெல்லாம் தேடிய துரை மட்டை, இவ்வளவு நேரமும் டொக் டொக் என்று அவர்களுக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அவர் மனம் ஆறாது. துரை பிடித்ததைத் தினமும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

“மிஸ், குனிங்க!”

கத்தியது கணேஸ்தான். எழுந்து ஓட அவன் நினைத்தது உண்மை. ஆனால் தாழ்ந்துபோன கதிரை விடவில்லை. பாதி எழுந்து, வழுக்கி, ஒரு குதிக்கால் கதிரைக்குக் கீழே இருந்த மிதியில் முழுப் பாரத்தோடும் விழுந்தது. அந்தப் பழைய கதிரை பல வருடக் கோபத்தை ஒரே மூச்சில் விட்டது. முதுகுப்பக்கம் தடாலென்று சாய, கால்பக்கம் பாய்ந்து மேலே எழும்ப, கணேசின் இரண்டு சப்பாத்துக்களும் டொக்டர் பாலேந்திரனின் வயிற்றில் போய்ச் சேர்ந்தன.

கோல்ஃப் சரித்திரம் சாந்து வாளிக்குள் குந்தியது.

சுபாஜினி ஓங்கிய மட்டையைக் காற்றிலேயே பறித்துக்கொண்டாள். கணேஸ் துளைக்கிற கருவியின் வயரால் டொக்டரின் கைகளைக் கட்டினான். அவசரத்தில் போட்ட முடிச்சு, அவிழ்க்கவே முடியாத முடிச்சாகிவிட்டது. அந்த நேரம் யன்னலைத் தள்ளிக்கொண்டு டியூக் உள்ளே குதித்தது. கணேசை நோக்கி வாயை அகலத் திறந்தது.

கணேஸ் கண்ணை மூடினான். ஈரமாக, மெத்தென்று எதுவோ முழங்கையைப் பிடித்துச் சப்பியது. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

“மிஸ்… ஒரு பல்லு இல்ல மிஸ்.”

“பல் வைத்தியர் வீட்டு நாய்தானே,” என்றாள் சுபாஜினி. அவளுக்கும் மூச்சு வாங்கியது.

சுபாஜினி யன்னலருகே போய் ஊன்றுகோலைச் சுட்டுவிரல் மேல் படுக்கையாக வைத்தாள். ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு தலையின் நுனி மெதுவாகச் சரிந்து, கீழே தொங்கி, மேலே வந்து, மறுபடி தொங்கியது. கச்சேரி கேட்டுத் தூங்குகிற ஆள் மாதிரி. கழுத்துக் குழியின் ஓரத்தில், எவ்வளவு துடைத்தும் போகாமல், சிவப்பாக ஒரு துணுக்கு.

“கேட்டால் ஓம் எண்டுது,” என்றாள்.

வாளிக்குள்ளிருந்து டொக்டர் முனகினார். “அதைக் கவனமாய்ப் பிடியுங்கோ. வெறுங்கையாலை பிடிக்கப்படாது.”

ஹோலில் இருந்த வீட்டுத் தொலைபேசியில் சுபாஜினி பொலிசுக்குப் பேசினாள். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். மயூரதன் சற்று முன்புதான் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். பிறகு இன்னொரு இலக்கத்தை அழுத்தி, ரிசீவரைக் கணேசிடம் நீட்டினாள்.

“நீரே சொல்லும்.”

மறுபக்கம் நல்லம்மா எடுத்தாள். “ஹலோ? யாரு? கணேஸா?”

கணேஸ் வாயைத் திறந்தான். பயம் முழுவதும் வடிந்து போயிருந்தது. அதோடு நாக்கும் போய்விட்டது. கேட்டிலிருந்து கதிரை வரைக்கும் ஓயாமல் ஓடிய நாக்கு, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு எழுத்துக்கும் அசையவில்லை.

“ஏன்டா பேச மாட்டேங்குற? என்னடா ஆச்சு?” “மாமா வந்துருவாராடா?”

போனில் தெரியாது என்பதையும் மறந்து, கண்ணில் நீர் முட்ட, கணேஸ் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.